செயலியில் போடுமுன் நெகட்டிவைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், வீட்டிலிருக்கும் பழைய போட்டோக்களைச் செல்போனில் படம்பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுப் புதிதாக்குவது எப்படி என்று ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, அந்தப் படங்கள் முதலில் பதிவான பிலிமாகிய நெகட்டிவைப் பற்றி ஒரு பேச்சே இல்லை. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் செயலிகள் என்ன செய்கின்றன என்று முதலில் பார்ப்போம். மங்கிப்போன பிரிண்டில் பாட்டியின் கண் இருக்கும் இடத்தில் நாலைந்து சாம்பல் புள்ளிகள்தான் மிஞ்சியிருக்கும். அந்தக் கண் எப்படி இருந்தது என்று செயலிக்குத் தெரியாது. வேறு ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து ஒரு கண்ணை வரைந்து அங்கே ஒட்டிவிடுகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வீட்டில் எல்லோரும் ஆகா என்பார்கள், ஆனால் அது பாட்டியின் கண் இல்லை. மூக்குத்தியைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடும். பாம்படத்தை ஏதோ ஒரு வளையமாக்கிவிடும். நெற்றியில் இருந்த பச்சை குத்திய புள்ளி போயே போய்விடும். பத்து வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் கொள்ளுப்பாட்டி என்று நம்புவார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிஜமான கண் நெகட்டிவில் இருக்கிறது. 1960, 70களில் அக்ஃபா கிளிக் த்ரீ மாதிரி கேமராவில் 120 என்ற அகலமான பிலிம் ரோல் போட்டு எடுத்த குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் சதுரம். பெரிதுபடுத்தக் காசு அதிகம் ஆகும் என்று பலர் நெகட்டிவ் அளவிலேயே கான்டாக்ட் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதனால் ஆல்பத்தில் இருக்கும் படத்தில் பத்துப் பேர் நின்றால் ஒவ்வொரு முகமும் மிளகு அளவுக்குத்தான் தெரியும். அதே நெகட்டிவைக் கேமராவில் நகலெடுத்துத் திரையில் விரித்துப் பாருங்கள். கிளிக் த்ரீயின் லென்ஸ் ஒன்றும் பிரமாதமில்லை, ஓரமெல்லாம் குழைந்துதான் இருக்கும். ஆனால் நடுவில் நிற்பவரின் புருவம், சட்டைப் பையில் சொருகிய பேனா, பின்னால் திண்ணையில் யாரோ கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம் வந்து நிற்கும். இன்னொன்று, காகிதத்தால் தாங்க முடிந்த வெளுப்பும் கறுப்பும் குறைவு, நெகட்டிவ் தாங்குவது அதைவிடக் கூடுதல். பிரிண்டில் வெறும் வெள்ளையாகத் தெரியும் வேட்டிக்கு நெகட்டிவில் மடிப்பு இருக்கும், கரைகூட இருக்கும்.

சரி, நெகட்டிவ் கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது, பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேப் ஒன்றும் இப்போது இல்லையே என்று கேட்பார்கள். ஸ்கேனர் தேடி அலைய வேண்டியதில்லை. நல்ல பிலிம் ஸ்கேனர்கள் என்று பெயர் வாங்கிய நிக்கானின் கூல்ஸ்கேன் வகை உற்பத்தியே நின்று பல வருடம் ஆகிறது. மேசையில் வைக்கும் சாதாரண ஸ்கேனரின் பெட்டியில் 6400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6400 புள்ளி, என்று போட்டிருந்தாலும் அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் அதில் பாதிகூடத் தேறாது. அதே நிக்கான் 2017-ல் டி850 கேமராவை வெளியிட்டபோது நெகட்டிவை நேராகப் பாசிட்டிவாக, அதாவது வெளுப்பும் கறுப்பும் சரியாகத் தெரியும் படமாக, மாற்றும் வசதியைக் கேமராவுக்குள்ளேயே வைத்தது. அந்தக் கேமராதான் வேண்டும் என்றும் இல்லை. 24 மெகாபிக்சல் கேமரா எதுவானாலும் படத்தின் அகலத்தில் 6000 புள்ளிகள் கிடைக்கும். 35 எம்எம் பிலிமின் ஒரு பிரேம் 36 மில்லிமீட்டர் அகலம். கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 4200-க்கு மேல் வருகிறது. பெரும்பாலான குடும்பப் படங்களில் அதற்குமேல் நுணுக்கம் இருக்காது, கிரெயின் என்கிற பிலிமின் துகள்கள்தான் இருக்கும்.

தேவையான முக்கியமான சாமான், சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ். கல்யாணப் போட்டோ எடுப்பவர்களில் பலரிடம் மோதிரமும் தாலியும் எடுப்பதற்கென்று 90 அல்லது 100 எம்எம் மேக்ரோ ஒன்று பையில் இருக்கும். இல்லாதவர்கள் 50 எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டினால் போதும், அது வெறும் குழாய், உள்ளே கண்ணாடி கிடையாது, விலையும் குறைவு. கேமராவைக் கீழ்நோக்கிப் பிடித்து நிறுத்த ஒரு தாங்கி வேண்டும். எந்த ஸ்டூடியோவிலாவது டார்க் ரூம் மூலையில் தூசி படிந்து கிடக்கும் என்லார்ஜர், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவி, இருந்தால் கேட்டு வாங்குங்கள். அதன் தலையைக் கழற்றிவிட்டுக் கம்பத்தில் கேமராவை மாட்டலாம். ஏற்றி இறக்கும் சக்கரம், கனமான பலகை எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கும் பல தாங்கிகளைவிட அது உறுதி.

வெளிச்சத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். செல்போன் திரையை வெள்ளையாக்கி அதன்மேல் நெகட்டிவை வைத்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. அப்படி எடுத்தால் திரையின் புள்ளிகள் முகத்தின்மேல் வலை போல விழும். பிலிமை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் நிறத்துக்கு அந்த வெளிச்சம் ஆகாது. வீடியோவுக்குப் பயன்படுத்தும் எல்இடி பேனலில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95-க்கு மேல் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, போர்டு எழுதும் கடையில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு ஒன்று வெட்டி வாங்கி அதன்மேல் வையுங்கள். அக்ரிலிக்குக்கும் பிலிமுக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும், அப்போதுதான் அக்ரிலிக்கில் ஒட்டிய தூசி படத்தில் தெரியாது. படத்தைச் சுற்றி வெளிச்சம் கசியாமல் கறுப்புச் சார்ட் அட்டையில் ஜன்னல் வெட்டி வையுங்கள். இது சின்ன வேலை என்று விட்டுவிடாதீர்கள், பக்கவாட்டில் வரும் வெளிச்சம் லென்ஸில் பட்டு நெகட்டிவின் கறுப்பையே சாம்பலாக்கிவிடும்.

கேமராவும் பிலிமும் இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க ரசமட்டம் தேடாதீர்கள். பிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். திரையில் லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் தெரிந்தால் இணையாக இருக்கிறது, ஓரமாகத் தெரிந்தால் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு நெகட்டிவை வைத்து, திரையில் முழுதாகப் பெரிதாக்கி, கிரெயின் மணல் மணலாகத் தெரியும்வரை போகஸைத் திருப்புங்கள். கேமராவில் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பு என்று வையுங்கள். எஃப் 16, 22 என்று திறப்பைச் சிறிதாக்கினால் கூர்மை கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இவ்வளவு கிட்டத்தில் அது படத்தை மழுங்கத்தான் செய்யும். மலிவான எல்இடியில் ஷட்டர் வேகம் கூடினால் கோடு கோடாக விழும், 1/15 நொடி போல மெதுவாக வையுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். தூசி பறப்பதும் அதனால்தான், பிலிம் துடிப்பதும் அதனால்தான்.

பிலிமின் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், படம் பதியும் பூச்சான எமல்ஷன் இருக்கும் மறுபக்கம் மங்கலாக இருக்கும். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எழுத்து நேராகப் படிக்க வந்தால் பளபளப்புப் பக்கம் உங்களைப் பார்த்திருக்கிறது, படமும் இடம் வலம் மாறாமல் வரும். அந்த ஓர எழுத்தை வெட்டாமல் சேர்த்தே எடுங்கள். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவா, கோடக்கா, அல்லது ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் தயாரான இந்துவா என்று அதில்தான் தெரியும். 1960-ல் தொடங்கிய அந்த ஆலை இன்று இல்லை, அதன் பெயர் நம் வீட்டு நெகட்டிவின் ஓரத்தில் இருக்கிறது. படம் எந்த வருடத்தை ஒட்டியது என்று ஊகிக்கவும் அது கை கொடுக்கும். எழுத்தே இல்லாத துண்டு நெகட்டிவாக இருந்தால் முந்தானை இடது தோளில் விழுகிறதா, சட்டைப் பை இடது பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்குவது எந்தச் செயலியிலும் ஒரு நொடி வேலை. கலர் நெகட்டிவ் அப்படி வராது, முழுக்க ஒரு ஆரஞ்சு மூட்டம் இருக்கும். சாயங்களின் குறையைச் சரிக்கட்ட பிலிம் கம்பெனிக்காரர்களே வேண்டுமென்று வைத்தது அது. வெறுமனே தலைகீழாக்கினால் எல்லோர் முகமும் நீலம் பூத்துக் கிடக்கும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது. பிரேமுக்கு வெளியே இருக்கும் வெற்று ஓரத்தை அதில் தொட்டுக் காட்டினால் அந்த ஆரஞ்சைக் கழித்துவிட்டு வேலையைத் தொடங்கும். அதற்காகவும்தான் ஓரத்தை விட்டு எடுக்கச் சொல்கிறேன். ஸ்லைடுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஏற்கெனவே பாசிட்டிவ். ஆனால் அதில் இருட்டுப் பகுதி மிக அடர்த்தி, ஒரே ஸ்லைடை வெளிச்சம் மாற்றி இரண்டு முறை எடுத்துச் சேர்க்க வேண்டி வரும். மலேசியா, சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வீட்டிலும், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் வீட்டிலும் அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கோடாக்ரோம் என்று சட்டத்தில் இருந்தால் நிறம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், 1935-ல் வந்து 2009-ல் நிறுத்தப்பட்ட பிலிம் அது, இருட்டில் வைத்திருந்தால் அதன் சாயம் லேசில் மங்காது. மற்ற பல ஸ்லைடுகள் சிவந்து போயிருக்கும், அவற்றை முதலில் எடுங்கள்.

ஸ்டூடியோ நெகட்டிவ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றின் எமல்ஷன் பக்கத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் முகத்தின்மேல் பென்சில் கீறல்கள் தெரியும், கமா கமாவாக, ஊசி முனை அளவில். டச்சிங் செய்தவர் கை அது. கண்ணுக்குக் கீழே பள்ளம், அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாவற்றையும் நெகட்டிவில் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து மறையும். சிலவற்றில் நிழல் விழுந்த கன்னத்தின்மேல் சிவப்புச் சாயம் தடவியிருப்பார்கள். இந்தப் பென்சிலை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். இங்கே டிஜிட்டல் கேமராவுக்கு ஒரு வசதி உண்டு. கறுப்பு வெள்ளை நெகட்டிவாக இருந்தாலும் கலரிலேயே எடுங்கள். நீல வெளிச்சத்தில் பதிவானதை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்தச் சிவப்புச் சாயம் அந்தக் காலத்துக் காகிதத்தில் எப்படி வேலை செய்ததோ அப்படியே வேலை செய்யும், ஏனென்றால் அந்தக் காகிதத்துக்கு நீலம்தான் உறைக்கும். சிவப்பைப் பிரித்துப் பார்த்தால் சாயம் காணாமல் போய், தடவாத முகம் கிடைக்கும். ஸ்டூடியோக்காரர் காட்ட நினைத்த முகம், கேமரா முன்னால் உட்கார்ந்திருந்த முகம் இரண்டும் ஒரே நெகட்டிவிலிருந்து. இதை எந்தச் செயலியாலும் தர முடியாது.

சுத்தம் செய்வதில் கவனம். ஊதும் பந்தால் ஊதுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துண்டு முனையால் துடைப்பது, வாயால் ஊதுவது இரண்டும் கூடாது. நம் ஊர் ஈரத்தில், எமல்ஷனில் இருக்கும் ஜெலட்டினைத் தின்னும் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும். அந்த இடத்தில் ஜெலட்டின் ஏற்கெனவே இளகிப் போயிருக்கும், தண்ணீர் பட்டால் படமும் சேர்ந்து கரைந்துவிடும். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால், பிலிமின் அடித்தளமான அசிட்டேட் தானே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெளிவரும் அசிட்டிக் அமிலம் பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, வேறு எதையும் தொடுமுன் அதை நகலெடுங்கள், ஏனென்றால் சுருங்கி நெளிந்த பிறகு எந்த லென்ஸும் அதை முழுக்கக் கூர்மையாகப் பிடிக்காது. சூடும் ஈரமும்தான் இதற்குக் காரணம். பரண்மேல் டிரங்குப் பெட்டியில் நெகட்டிவ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கீழே இறக்குங்கள், ஓட்டுக்கு அடியில் இருக்கும் அந்தப் பரணைவிடச் சூடான இடம் வீட்டில் இல்லை.

வெளியில் கொடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு கடையில் கொடுத்தது. திரும்பி வந்தது சின்னச் சின்ன ஜேபெக் கோப்புகள், பாதி இடம் வலம் மாறி, எல்லாவற்றிலும் ஓரம் வெட்டி, முகமெல்லாம் மெழுகு தடவியதுபோல வழவழத்து. நெகட்டிவ் பட்டைகள் கவரை விட்டுக் கலைந்து போனதால் எது எந்தக் கல்யாணம் என்று இனிச் சொல்ல முடியாது. கொடுக்கும்போதே ரா அல்லது நுணுக்கம் குறையாத டிஃப் கோப்பு வேண்டும், ஓரம் வேண்டும், கவர் மாறக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். நீங்களே எடுப்பதானால் ஒவ்வொரு ரோலுக்கும் முன்னால் அதன் கவரை ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஸ்டூடியோ பெயர், நம்பர், தேதி, "மாமா வீட்டு வளைகாப்பு" என்று யாரோ மையில் எழுதியது எல்லாம் அந்த வரிசையிலேயே பதிவாகிவிடும்.

இவ்வளவும் எழுதியது வீட்டு நெகட்டிவ்களுக்காக மட்டும் இல்லை. சின்ன ஊர்களில் மூடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோக்களில் ஒரு ஊரின் இரண்டு மூன்று தலைமுறை முகங்கள் அட்டைப் பெட்டிகளில் கிடக்கின்றன. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக இருப்பதே வெள்ளிதான், கலர் நெகட்டிவில் கழுவும்போதே வெள்ளி போய்விடும். அதனால்தான் பழைய எக்ஸ்ரேயோடு சேர்த்துக் கறுப்பு வெள்ளை நெகட்டிவை எடைக்குக் கேட்டு ஆள் வருகிறார்கள். பிலிமுக்கு முன்பு நெகட்டிவாக இருந்த கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவிக் கண்ணாடியாக விற்றதும் நடந்திருக்கிறது. இடத்துக்கு வாடகை கொடுக்க முடியாத ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் இதுவரை வேறு யாரும் வந்து கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களைப் பற்றிச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ் அதே நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய் நகலெடுத்தும் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போக முடியும்? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, எல்லா ஊரிலும் கல்யாணப் போட்டோகிராபர்களின் நல்ல நல்ல கேமராக்கள் பையில் தூங்குகின்றன. மாவட்ட மைய நூலகங்களில் ஒரு மேசை, ஒரு தாங்கி, ஒரு எல்இடி பலகை, ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அந்த இரண்டு மாதங்களில் கூலிக்கு அவர்களையே வேலைக்கு வைக்கலாம். அச்சுப் புத்தகங்களை மின்னூலகத்தில் ஏற்றிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இதற்கு ஒரு பெயரிடும் முறையையும் சேமிக்கும் இடத்தையும் தந்தால் போதும். யாருடைய முகத்தையும் கேட்காமல் இணையத்தில் போட வேண்டாம். கோப்பும் நெகட்டிவும் பத்திரமாக இருக்கட்டும், அந்தந்தக் குடும்பம் வந்து கேட்டால் நகல் கொடுக்கட்டும். நகலெடுத்தாயிற்று என்று நெகட்டிவைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நாளைக்கு இதைவிட நல்ல கேமரா வரும், அப்போது மறுபடி எடுக்க அது வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். செயலிக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தீர்கள். ஆடி பிறக்குமுன் நெகட்டிவ் நகலெடுக்கும் முறைக்கு அரைப் பக்கம் கொடுங்கள், விளக்கப் படத்தோடு. கூடவே, மூடப் போகும் ஸ்டூடியோக்காரர்கள் பெட்டிகளை எடைக்குப் போடுமுன் தங்கள் ஊர் நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி உங்கள் நிருபர்கள் மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திண்டுக்கல்.